மின்சாரக் கார் இன்சூரன்ஸ்: கணக்குப் போட்டு வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

மின்சாரக் கார் வாங்கியவர்களில் பலர் இன்சூரன்ஸை வால் பக்கத்தில் இருந்து தொடங்குகிறார்கள். நான்கு இணையதளங்களில் வண்டி எண்ணைப் போட்டு விலை பார்க்கிறார்கள், குறைவாக இருப்பதை வாங்குகிறார்கள். பாலிசிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை வண்டி இடிபட்ட பிறகுதான் படிக்கிறார்கள். பெட்ரோல் காரில் இப்படி வாங்கினால் சில ஆயிரம் நஷ்டத்தோடு போய்விடும். மின்சாரக் காரில் வண்டி விலையின் பெரும்பங்கு அடியில் இருக்கும் ஒரே பேட்டரிப் பெட்டியில் அடங்கியிருப்பதால், இந்தப் பழக்கம் லட்சக் கணக்கில் கடித்துவிடும்.

கீழே இருக்கும் வரிசையை மாற்றாமல் போவது நல்லது. விலை ஒப்பிடுவது இதில் 8-ஆவது படி. அதற்கு முன்னால் இருக்கும் ஏழும் முடிந்தால்தான் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு. இதில் சொல்வதெல்லாம் இந்தியாவில் சொந்த உபயோகத்துக்குப் பதிவான, பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்துள்ள கார்களுக்கு. பச்சையில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. அதன் கணக்கே வேறு.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆர்.சி., முந்தைய பாலிசியின் எல்லாப் பக்கங்களும், வண்டி வாங்கிய இன்வாய்ஸ், கடன் இருந்தால் வங்கியின் பெயர், கே.ஒய்.சி.க்கு ஆதாரும் பான் கார்டும். பழைய பெட்ரோல் அல்லது டீசல் காரை விற்றிருந்தால் அதன் பாலிசியும் விற்றதற்கான சான்றும் வேண்டும். ஏன் என்பது 6-ஆவது படியில்.

முந்தைய பாலிசியில் முதல் பக்கம் மட்டும் போதாது. தேர்டு பார்ட்டி (உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கு) எந்தத் தேதி வரை, ஓன் டேமேஜ் (உங்கள் வண்டிக்கே வரும் சேதத்துக்கு) எந்தத் தேதி வரை என்று இரண்டு தனித் தேதிகள் இருக்கும். வண்டிக்கு மூன்று வயதாகும் வரை இவை இரண்டும் ஒன்றாக இருக்காது.

கூடவே, உங்கள் வேரியன்ட்டின் விவரத்தாளை நிறுவனத்தின் தளத்தில் இருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் அதிகபட்சத் திறனும் பேட்டரியின் கொள்ளளவும் அதில் இருக்கும்.

2. கிலோவாட் வேறு, கிலோவாட்-ஹவர் வேறு

முதல் தடுமாற்றம் இங்கேதான். பேட்டரியைச் சொல்லும்போது வருவது கிலோவாட்-ஹவர். கரன்ட் பில்லில் 'யூனிட்' என்று வருவதும் அதுவேதான். மோட்டாரின் வலுவைச் சொல்வது கிலோவாட். தேர்டு பார்ட்டிக் கட்டணம் மோட்டாரை வைத்துத்தான் முடிவாகிறது, பேட்டரியை வைத்து அல்ல.

2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அரசு அறிவிப்பின்படி, மின்சாரக் காருக்கு ஓராண்டுத் தேர்டு பார்ட்டிக் கட்டணம் மூன்று படிநிலைகளில் வருகிறது. 30 கிலோவாட் வரை 1,780 ரூபாய். 30-க்கு மேல் 65 வரை 2,904 ரூபாய். 65-க்கு மேல் 6,712 ரூபாய். எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் இதே தொகைதான். இதில் 'ஸ்பெஷல் டிஸ்கவுன்ட்' தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆள் வேறு எதையோ குறைத்திருக்கிறார்.

டாடா பன்ச் மின்சாரக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் வந்தபோது 25 கிலோவாட்-ஹவர் பேட்டரி வண்டியில் 60 கிலோவாட் மோட்டார், 35 கிலோவாட்-ஹவர் பேட்டரி வண்டியில் 90 கிலோவாட் மோட்டார். பேட்டரி எண்ணைப் பார்ப்பவர், 35 என்பதால் நடுப்படிநிலை என்று நினைப்பார். ஆனால் மோட்டார் 90 என்பதால் அது மேல்படிநிலை. ஒரே பெயருள்ள இரண்டு வண்டிகளுக்கு இடையே ஆண்டுக்கு 3,808 ரூபாய் வித்தியாசம், ஜி.எஸ்.டி. தனி.

மின்சார வண்டிக்குத் தேர்டு பார்ட்டியில் 15% சலுகை என்று ஷோரூமில் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது அதே படிநிலையில் இருக்கும் பெட்ரோல் காரோடு ஒப்பிட்டு வந்த சலுகை. நடைமுறையில் பெட்ரோல் நெக்ஸான் 1,199 சி.சி. என்பதால் அதற்கு 3,416 ரூபாய். மின்சார நெக்ஸானின் மோட்டார் 65 கிலோவாட்டைத் தாண்டுவதால் 6,712 ரூபாய். சலுகை கிடைத்தும் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பட்ஜெட் போடும்போது இதை மனதில் வையுங்கள்.

இங்கே நடக்கும் தவறு: இணையதளத்தில் வேரியன்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர் ஒத்துப்போனால் போதும் என்று சிறிய பேட்டரி வண்டியைத் தட்டிவிடுவது. தேர்டு பார்ட்டியும் குறையும், வண்டி மதிப்பும் குறையும், பிரீமியம் பளிச்சென்று மலிவாகத் தெரியும். கிளெய்ம் நேரத்தில் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் சேஸிஸ் எண்ணை வைத்துப் பார்க்கும்போது பாலிசியில் இருப்பது வேறு வண்டி.

3. தேர்டு பார்ட்டிக்கு இரண்டு முறை கட்டாதீர்கள்

புதுக் காருக்கு மூன்றாண்டுத் தேர்டு பார்ட்டி வாங்குவது 2018 செப்டம்பரில் இருந்து கட்டாயம். 65 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மின்சாரக் காருக்கு அது 20,907 ரூபாய், 18% ஜி.எஸ்.டி.யோடு 24,670. முதல் ஆண்டு இன்சூரன்ஸ் தொகை கண்ணைக் கட்டுவதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் உங்களுக்குத் தேவை ஓன் டேமேஜ் மட்டும். அதைத் 'தனி ஓன் டேமேஜ் பாலிசி' என்றே கேளுங்கள். 'காம்ப்ரிஹென்ஸிவ்' என்று கேட்டால் தேர்டு பார்ட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே கட்டிய ஒன்றுக்கு மறுபடியும் 7,920 ரூபாய் போகும்.

தனி ஓன் டேமேஜை அதே கம்பெனியில் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் தேர்டு பார்ட்டி பாலிசி எண்ணும் முடியும் தேதியும் கேட்பார்கள். அதைத் தப்பாகப் போட்டால் பாலிசி வெளியே வந்துவிடும், சிக்கல் பிறகு வரும்.

இன்னொரு வரி: உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. உங்களிடம் ஏற்கெனவே அந்த அளவுக்குத் தனி விபத்துப் பாலிசி இருந்தாலோ, உங்கள் இன்னொரு வண்டியில் இதை எடுத்திருந்தாலோ இதை நீக்கச் சொல்லலாம். இல்லையென்றால் நீக்காதீர்கள், சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தும் இடம் இது இல்லை.

4. ஐ.டி.வி.யை நீங்கள் முடிவு செய்யுங்கள்

ஐ.டி.வி. என்பது வண்டி திருட்டுப் போனாலோ, சரிசெய்ய முடியாமல் போனாலோ கம்பெனி தரும் உச்சத் தொகை. வண்டியின் இன்றைய ஷோரூம் விலையில் தேய்மானம் கழித்து வருகிறது: ஆறு மாதம் வரை 5%, ஓராண்டு வரை 15%, இரண்டாண்டு வரை 20%, பிறகு ஒவ்வோர் ஆண்டுக்கும் 30, 40, 50%. ஐந்தாண்டுக்கு மேல் பேசி முடிவு செய்துகொள்வது. சாலை வரி, பதிவுச் செலவு இதில் சேராது.

இணையதளங்களில் ஐ.டி.வி.யை இழுத்துக் குறைக்கும் ஒரு கோடு இருக்கும். பிரீமியத்தைக் குறைக்க எல்லோரும் அதைத்தான் முதலில் தொடுகிறார்கள். மின்சாரக் காரில் அதைத் தொடவே கூடாது. காரணம் இதுதான்.

பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை 'டோட்டல் லாஸ்' என்று எழுதிவிடுவார்கள். பெட்ரோல் காரில் அந்த அளவுக்குப் போக வண்டி உருக்குலைய வேண்டும். மின்சாரக் காரில் கதவு, கண்ணாடி, டேஷ்போர்டு எல்லாம் புதிதாக இருக்கும். அடியில் ஒரு பாறை பேட்டரிப் பெட்டியைக் கிழித்திருக்கும். ஒர்க்‌ஷாப் முழுப் பேட்டரியையும் மாற்ற எஸ்டிமேட் போட்டால், அந்த ஒரு வரியே 75 சதவீத எல்லையைத் தாண்டவைத்துவிடலாம். அப்போது கைக்கு வருவது நீங்கள் எழுதிய ஐ.டி.வி.தான். அதைக் குறைத்து எழுதியிருந்தால் அந்த எல்லையும் கீழே இறங்கும், தொகையும் குறையும். இரட்டை அடி.

மின்சாரக் காரில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, நிறுவனங்கள் விலையைக் குறைப்பது. 2024 பிப்ரவரியில் டாடா தன் மின்சார நெக்ஸானின் விலையை 1.2 லட்சம் ரூபாய் வரையும், டியாகோவை 70,000 ரூபாய் வரையும் குறைத்தது. ஐ.டி.வி. இன்றைய விலையில் இருந்து கணக்காவதால், நீங்கள் கொடுத்த விலையைவிட அது வேகமாக இறங்கும். கடன் பாக்கி ஐ.டி.வி.யைவிட அதிகமாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் 7-ஆவது படியில் வரும் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' உங்களுக்கானது.

பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டத்தில் வாங்கியவர்கள் இங்கே நிற்க வேண்டும். எம்.ஜி. வின்ட்சர் 2024-இல் 9.99 லட்சம் ரூபாய்க்கும், கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் பேட்டரி வாடகைக்கும் வந்தது. இப்படி வாங்கியிருந்தால், பாலிசியில் இருக்கும் ஐ.டி.வி. பேட்டரியையும் சேர்த்ததா, வண்டி போனால் பேட்டரிக்கான பாக்கியை யார் கட்டுவது என்ற இரண்டையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். வாய்ச்சொல் போதாது.

5. ஓன் டேமேஜ் கணக்கை ஒரு முறை நீங்களே போடுங்கள்

தேர்டு பார்ட்டிபோல ஓன் டேமேஜுக்கு அரசு விலை கிடையாது. கம்பெனி ஓர் அடிப்படை விகிதத்தை ஐ.டி.வி.மேல் போட்டு, அதில் தன் தள்ளுபடியைக் கழித்து, பிறகு என்.சி.பி.யை (கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கான போனஸ்) கழித்து, ஆட்-ஆன்களை (கூடுதலாகச் சேர்க்கும் பாதுகாப்புகள்) கூட்டி, கடைசியில் 18% ஜி.எஸ்.டி. சேர்க்கிறது. இந்த வரிசை தெரிந்தால் எந்த கொட்டேஷனையும் பிரித்துப் படித்துவிடலாம்.

எளிய எண்களில் ஓர் உதாரணம். ஷோரூம் விலை 15 லட்சம், வண்டிக்கு ஒரு வயது முடிந்தது. ஐ.டி.வி. 12 லட்சம். அடிப்படை விகிதம் 3% என்று வைத்தால் 36,000. கம்பெனித் தள்ளுபடி 50% போக 18,000. என்.சி.பி. 20% போக 14,400. ஆட்-ஆன்கள் 8,000 என்றால் கூட்டுத்தொகை 22,400. ஜி.எஸ்.டி. 4,032. மொத்தம் 26,432 ரூபாய். விகிதமும் தள்ளுபடியும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்; கணக்குப் போடும் முறை மாறாது.

இதே வண்டியின் ஐ.டி.வி.யை 10 லட்சமாகக் குறைத்துப் பாருங்கள். 30,000, பிறகு 15,000, பிறகு 12,000. ஆட்-ஆன் அப்படியே இருந்தால் மொத்தத்தில் மிச்சம் 2,832 ரூபாய். அதற்குப் பதிலாக விட்டுக்கொடுப்பது 2,00,000 ரூபாய். அந்தக் கோட்டை இழுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

6. பழைய காரின் என்.சி.பி.யை விட்டுவிடாதீர்கள்

கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50% என்று ஏறும். ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும்தான். ஆனால் இது வண்டிக்குச் சொந்தம் இல்லை, உங்களுக்குச் சொந்தம்.

ஐந்தாண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டிய பெட்ரோல் காரை விற்று மின்சாரக் கார் வாங்குகிறீர்கள் என்றால், அந்த 50% புதுக் காருக்கு வர வேண்டும். தள்ளுபடிக்குப் பிறகு ஓன் டேமேஜ் 20,000 ரூபாய் என்றால் ஜி.எஸ்.டி.யோடு 11,800 ரூபாய் மிச்சம். மின்சாரக் காரின் முதல் ஆண்டுப் பிரீமியத்தில் இதைவிடப் பெரிய சேமிப்பு வேறு எதிலும் இல்லை.

செய்ய வேண்டியது: வண்டியை விற்றதும் பழைய கம்பெனிக்கு எழுதி, பெயர் மாற்றச் சான்றைக் கொடுத்து, என்.சி.பி. சான்றிதழ் வாங்குங்கள். மூன்றாண்டுக்குள் அதைப் பயன்படுத்தலாம். பலர் பாலிசியோடு சேர்த்தே வண்டியை விற்றுவிட்டு, புதுக் காருக்கு ஷோரூமில் பணம் கட்டிய பிறகு நினைத்துப் பார்க்கிறார்கள். ஸ்கூட்டரில் சேர்த்த போனஸ் காருக்கு வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இல்லாத போனஸை இருப்பதாகச் சொல்லி வாங்காதீர்கள். கம்பெனிகள் தங்களுக்குள் கேட்டு உறுதி செய்துகொள்கின்றன. கிளெய்ம் அன்றைக்குத்தான் அது வெளியே வரும். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்த போனஸ் முழுவதும் போய்விடும் என்பதால் தேதியை ஃபோனில் குறித்து வையுங்கள்.

7. ஆட்-ஆன்: பேட்டரியில் இருந்து தொடங்குங்கள்

சாதாரண ஓன் டேமேஜ் பாலிசி விபத்து, தீ, தானாகத் தீப்பற்றுவது, இடி, வெள்ளம், திருட்டு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும். அதே பாலிசியில் 'மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன்', தேய்மானம், 'பின்விளைவாக வந்த இழப்பு' ஆகியவை சேராது என்றும் எழுதியிருக்கும். மின்சாரக் காருக்கு இந்த இரண்டாவது வரிதான் முக்கியம்.

கரன்ட் போய்த் திரும்பி வரும்போது ஏறிய வோல்டேஜில் வண்டிக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் கருகிவிட்டது என்று வையுங்கள். தீ பிடிக்கவில்லை, இடிக்கவில்லை. சாதாரணப் பாலிசியில் இதை எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன் என்று ஒதுக்கிவிடுவார்கள். பேட்டரி பாதுகாப்பு ஆட்-ஆன் இருந்தால்தான் பேச இடம் உண்டு, அதுவும் அதன் வாசகத்தைப் பொறுத்து.

ஆகவே அந்த ஆட்-ஆனை வாங்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். தண்ணீர் புகுந்து வரும் ஷார்ட் சர்க்யூட் உண்டா? சார்ஜ் ஏறும்போது வோல்டேஜால் வரும் சேதம் உண்டா? மோட்டார், இன்வெர்ட்டர், ஆன்போர்டு சார்ஜர் சேருமா, பேட்டரி மட்டுமா? வீட்டுச் சுவரில் மாட்டிய சார்ஜரும் கேபிளும் சேருமா? பெயர் ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி இந்த நான்குக்கும் பதில் வேறு.

அடுத்தது ஜீரோ டெப், அதாவது மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஆட்-ஆன். பொதுவான கணக்கில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதித் தொகையைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். அந்தப் பட்டியல் எழுதிய காலத்தில் பேட்டரி என்றால் பானட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரிதான். லட்சக்கணக்கான மதிப்புள்ள ஓட்டும் பேட்டரியையும் அதே வரிக்குள் தள்ளினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஜீரோ டெப் எடுங்கள், கூடவே 'ஓட்டும் பேட்டரிக்கும் தேய்மானம் இல்லை' என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆண்டுக்கு எத்தனை கிளெய்ம் என்ற வரம்பையும் பாருங்கள். இரண்டு என்பது பரவலாக இருக்கிறது.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், டோட்டல் லாஸ் ஆனால் ஐ.டி.வி.க்கும் இன்வாய்ஸ் விலைக்கும் இடையிலான வித்தியாசத்தைத் தரும். கடன் பாக்கி அதிகம் உள்ளவர்களுக்கு அவசியம். இரண்டு விஷயங்களைப் பாருங்கள். சில பாலிசிகளில் 'இன்வாய்ஸ் விலை அல்லது இன்றைய விலை, எது குறைவோ அது' என்று இருக்கும்; விலை குறைந்த மாடலுக்கு அது பாதி ஆட்-ஆன்தான். இரண்டாவது, இதன் கவர்ச்சியே சாலை வரியையும் திருப்பித் தருவதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மின்சார வண்டிக்கான வரி விலக்கோடு வாங்கியவருக்குத் திரும்பி வர அந்த வரியே கிடையாது.

ரோட்சைடு அசிஸ்டென்ஸ் எடுத்தால், இழுத்துப் போவது தட்டையான மேடை வண்டியிலா என்று கேளுங்கள். மின்சாரக் காரின் ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுத்தால் மோட்டார் கெடும். சார்ஜ் தீர்ந்து நின்றால் அருகில் உள்ள சார்ஜிங் நிலையத்துக்குக் கொண்டுபோவார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

கன்ஸ்யூமபிள்ஸ் (பழுதுபார்க்கும்போது தீரும் ஆயில், நட்டு, போல்ட் போன்றவை) மலிவாக வந்தால் எடுக்கலாம்; பேட்டரியின் கூலன்ட் அதில் சேருமா பாருங்கள். எஞ்சின் புரொடெக்ட் என்று பட்டியலில் தானாக டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். எஞ்சினே இல்லாத வண்டிக்கு அதை விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டயர் ஆட்-ஆன் தேய்ந்த டயருக்கு அல்ல, வெட்டுப்பட்டதற்கும் வெடித்ததற்கும்தான்.

பேட்டரி உத்தரவாதம் எட்டு ஆண்டு இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நிறுவன உத்தரவாதம் தயாரிப்புக் குறைக்கு. இடித்தது, மூழ்கியது இன்சூரன்ஸுக்கு. ரேஞ்ச் மெல்லக் குறைவதை இன்சூரன்ஸ் பார்க்காது. உத்தரவாதத்திலும் குறிப்பிட்ட சதவீதத்துக்குக் கீழே போனால்தான்.

8. இப்போது விலை ஒப்பிடுங்கள்

ஒரு தாளில் ஐ.டி.வி., என்.சி.பி., ஆட்-ஆன் பட்டியல் மூன்றையும் எழுதி, அதே மூன்றோடு குறைந்தது மூன்று கம்பெனிகளின் கொட்டேஷன் வாங்குங்கள். ஒன்றில் ஐ.டி.வி. 11 லட்சம், இன்னொன்றில் 12 லட்சம் என்றால் அது ஒப்பீடே இல்லை.

புதுக் காருக்கு டீலர் தரும் இன்சூரன்ஸைத்தான் எடுக்க வேண்டும் என்ற விதி கிடையாது. 'வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது' என்பது ஷோரூமில் அடிக்கடி கேட்கும் வசனம். கேஷ்லெஸ், அதாவது பழுதுச் செலவைக் கம்பெனியே நேராகக் கட்டுவது, கம்பெனிக்கும் அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஒப்பந்தம். பாலிசியை யார் விற்றார் என்பதில் இல்லை. ஆனால் உங்கள் ஊரில் ஹை வோல்டேஜ் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அங்கே உங்கள் கம்பெனிக்குக் கேஷ்லெஸ் உண்டா என்று அந்த ஒர்க்‌ஷாப்பின் பாடி ஷாப் மேலாளரிடமே கேளுங்கள். 2,000 ரூபாய் மலிவான பாலிசியை எடுத்துவிட்டு, பேட்டரி வேலைக்கு லட்சங்களைக் கைக்காசாகக் கட்டிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

நியாயமாகக் குறைக்கக்கூடிய இடங்களும் உண்டு. ஓடுவது குறைவு என்றால், கிலோமீட்டர் கணக்கில் பிரீமியம் போடும் திட்டத்தைப் பார்க்கலாம். ஆனால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் செலவில் ஓடும் வண்டி வீட்டில் இருந்தால் எல்லாப் பயணமும் அதில்தான் போகும். போன ஆண்டு ஓடோமீட்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள், நினைப்பை வைத்து அல்ல.

'வாலன்டரி டிடக்டிபிள்', அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் இவ்வளவு நானே ஏற்கிறேன் என்பது. நெடுங்காலக் கட்டண விதிப்படி 15,000 ரூபாய் ஏற்றால் ஓன் டேமேஜில் 35% தள்ளுபடி, ஆனால் உச்சவரம்பு 2,500 ரூபாய். ஆறு ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால்தான் இது கட்டுப்படியாகும். நகரத்தில் ஓட்டுபவருக்கு இது வேண்டாம்.

9. பணம் கட்டிய அன்றே பார்க்க வேண்டியவை

பாலிசி மின்னஞ்சலில் வந்ததும் திறந்து, ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்துச் சேஸிஸ் எண், மோட்டார் எண், எரிபொருள் வகை, வேரியன்ட், கிலோவாட், என்.சி.பி. சதவீதம், வங்கியின் பெயர், ஆட்-ஆன்கள் என்று வரிவரியாகப் பாருங்கள். எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்று வந்திருந்தால் அது சின்னப் பிழை இல்லை. அன்றே எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் சேர்க்கும் திருத்தக் குறிப்பு) போட்டுத் திருத்துங்கள். விபத்துக்கு முன் திருத்தினால் எழுத்துப்பிழை. விபத்துக்குப் பின் அதுவே தவறான தகவல்.

பழைய மின்சாரக் கார் வாங்கியவர்கள் 14 நாட்களுக்குள் பாலிசியைத் தங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தேர்டு பார்ட்டி வண்டியோடு வந்துவிடும். ஓன் டேமேஜ் தானாக வராது. பெயர் மாறும் வரை உங்கள் சேதத்துக்குப் பாலிசி இல்லாத நிலைதான்.

10. அடிபட்டால், மூழ்கினால்

முதலில், கிளெய்ம் போடலாமா என்று கணக்குப் பாருங்கள். என்.சி.பி. கழிக்கும் முன் ஓன் டேமேஜ் 18,000 ரூபாய், அடுத்த புதுப்பிப்பில் 45% வரவேண்டியவர் நீங்கள் என்றால், கிளெய்ம் இல்லாமல் 9,900, கிளெய்ம் போட்டால் 18,000. அதற்கடுத்த ஆண்டு 9,000-க்குப் பதில் 14,400. இரண்டாண்டில் ஜி.எஸ்.டி.யோடு 15,930 ரூபாய் கூடுதல். பம்பர் கீறலுக்கு 6,000 ரூபாய் எஸ்டிமேட் என்றால் கைக்காசு போட்டுவிடுங்கள்.

ஆனால் அடிப்பக்கம் இடித்தால் இந்தக் கணக்கு செல்லாது. வேகத்தடையிலோ கல்லிலோ அடி உரசி ஒரு சத்தம் கேட்டு, வண்டி வழக்கம்போல ஓடினாலும், ஓரமாக நிறுத்தி அந்த இடத்தையும் வண்டியின் அடியையும் படம் எடுங்கள். பேட்டரிப் பெட்டியின் சிறு விரிசல் வழியாக ஈரம் புகுந்து, இரண்டு மாதம் கழித்து இன்சுலேஷன் எச்சரிக்கை வரும். அன்று போய்க் கேட்டால் எப்போது இடித்தது என்பதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது. லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லி, அடி பட்டிருந்தால் உடனே கிளெய்மைப் பதிவு செய்யுங்கள்.

ஒர்க்‌ஷாப் முழுப் பேட்டரியையும் மாற்ற வேண்டும் என்றால், பெட்டியை மட்டும் அல்லது பழுதான மாட்யூலை மட்டும் மாற்ற முடியாதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் எதுவானாலும் சர்வேயர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். பதில் தயாராக இருந்தால் நாள் மிச்சம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையின்போது சென்னையில் நடந்ததுபோல் நிறுத்திய இடத்திலேயே வண்டி மூழ்கினால், தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் பொத்தானைத் தொடாதீர்கள், சார்ஜரைச் செருகாதீர்கள். ஓடுகிறதா என்று பார்க்கும் அந்த ஒரு முயற்சியால் வந்த ஷார்ட் சர்க்யூட்டைப் பின்விளைவு இழப்பு என்று தள்ள இடம் கொடுத்துவிடுகிறீர்கள். உயிருக்கும் ஆபத்து. சுவர் சார்ஜரின் மெயின் சுவிட்ச் தண்ணீரில் இல்லை என்றால் மட்டும் அதை அணையுங்கள். கதவில் தண்ணீர் நின்ற கோட்டைக் காயும் முன் படம் எடுத்து, கம்பெனிக்குச் சொல்லி, தட்டை மேடை வண்டியில் அனுப்புங்கள். நனைந்த பேட்டரி சில நாள் கழித்தும் தீப்பற்றலாம் என்பதால், மற்ற வண்டிகளை ஒட்டியோ அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலோ வைக்காதீர்கள்.

11. மறுத்தால் போகும் வழி

மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எந்த விதியின்படி என்ற எண்ணோடு. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (கம்பெனிமேல் வரும் புகார்களைத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளைக் கேட்பார். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. ஆட்-ஆன் பற்றிக் கேட்டு வாங்கிய மின்னஞ்சல்கள், இடித்த இடத்தில் எடுத்த படங்கள், மறுப்புக் கடிதம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள்.